பட்டுப் பாவாடையின் உள்பக்கம்

ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குத் தீபாவளிக்கு எடுத்த பட்டுப் பாவாடையை உள்பக்கம் தெரியும்படி புரட்டிப் பாருங்கள். வெளியே மயிலும் மாங்காயுமாக மின்னுகிற கரையின் பின்புறத்தில் சரிகை இழைகள் பூவுக்குப் பூ தாவிப் போகும். தாவுகிற இடங்களில் வெட்டிவிட்ட முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இடுப்புப் பட்டிக்குள் விறைப்புக்காகக் கேன்வாஸ். சட்டைக் கழுத்தின் பின்பக்கம் கடைப் பெயர் நெய்த பட்டை. விலைச்சீட்டைப் பிய்த்தெறிந்த பிறகும் அதன் பிளாஸ்டிக் கொக்கி தையலுக்குள் ஒளிந்திருக்கும். கையில் லேஸ், அக்குளில் இரண்டு மடிப்பாகத் தையல். போதாக்குறைக்குப் புதுத்துணியின் கஞ்சி.

வெளிப்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறோம். குழந்தை உடுத்துவது உள்பக்கத்தை.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. உடுத்திய சில நிமிடங்களில் உடுத்தியிருப்பதே மறந்துபோகும். தோலுக்கடியில் தொடுகையை உணரும் நரம்பு முனைகள் பல வகைப்படும். மெய்ஸ்னர், பாசினியன் என்ற இரண்டு வகையும் தொடுகை மாறும்போது மட்டுமே சேதி அனுப்பும். துணி உடம்பில் படிந்ததும் ஒருமுறை சொல்லிவிட்டு அடங்கிவிடும். மெர்க்கல் வகை, அழுத்தம் இருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும், ஆனால் போகப்போக வேகம் குறையும். மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்கிறது. ஆபத்தும் இல்லை, புதிதும் இல்லை என்று தெரிந்த சேதியை அது ஓரங்கட்டிவிடும். பழகிப்போவது என்று நாம் சொல்வது இதைத்தான்.

பழகிப்போகாத குழந்தைகளும் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஷுலமைட் கிரீனும் சக ஆய்வாளர்களும் ஆட்டிசம் உள்ள சிறுவர்களையும் இல்லாதவர்களையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, கையின் உள்பக்கத்தைச் சொரசொரப்பான கம்பளித் துணியால் தேய்த்தார்கள். கூடவே காதில் போக்குவரத்து இரைச்சல். 2015-இல் வெளியான முடிவு இது: மற்ற குழந்தைகளிடம் முதலில் எழுந்த மூளைச் செயல்பாடு, திரும்பத் திரும்பத் தேய்க்கும்போது தணிந்தது. ஆட்டிசத்தோடு மிகை உணர்திறனும் உள்ளவர்களிடம் தொடுகையையும் ஒலியையும் கவனிக்கும் பகுதிகளும், அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலாவும் தணியாமல் நின்றன. அவர்களுக்குப் பத்தாவது உராய்வும் முதல் உராய்வுதான். "கொஞ்ச நேரம் போட்டுக்கோ கண்ணு, சரியாயிடும்" என்று நாம் சமாதானம் சொல்கிறோமே, அந்தச் சரியாகிவிடும் வேலைதான் அங்கே நடப்பதில்லை.

கோளாறு மூளையில் மட்டும் என்றும் சொல்லிவிட முடியாது. ஹார்வர்டில் லாரன் ஓரெஃபிஸ், டேவிட் கின்டி குழுவினர் 2016-இல் ஒரு காரியம் செய்தார்கள். ஆட்டிசத்தோடு தொடர்புள்ள சில மரபணுக்களை எலிகளின் மூளையில் தொடாமல், தோலிலிருந்து தண்டுவடத்துக்குத் தொடுகைச் சேதி கொண்டுபோகும் நரம்பு செல்களில் மட்டும் முடக்கினார்கள். அந்த எலிகள் லேசாகப் பட்டாலே துள்ளின. வளர்ந்த பிறகு பதற்றம் மிகுந்து, மற்ற எலிகளோடு பழகத் தயங்கின. எலியை வைத்துக் குழந்தையை அளக்கக் கூடாதுதான். ஆனாலும் "எல்லாம் மனசுல இருக்கு" என்று சொல்லும் பெரியவர்களுக்குக் காட்ட இந்த ஆய்வை நான் கையோடு வைத்திருப்பேன்.

எந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறோம்? ஆட்டிசம் உள்ளவர்கள் முதலில். ஸ்காட் டாம்செக்கும் வினி டன்னும் 2007-இல், மூன்று முதல் ஆறு வயது வரையிலான 281 ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டபோது, 95 விழுக்காட்டினரிடம் ஏதோ ஒரு புலனிலாவது மாறுபாடு தெரிந்தது. ஏடிஎச்டி உள்ளவர்கள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், எந்தக் கோளாறின் பெயரும் சூட்டப்படாத குழந்தைகள் என்று வட்டம் அதற்கு வெளியேயும் விரிகிறது. எல்லாரும் ஒதுங்குபவர்களும் இல்லை. நாற்காலியிலிருந்து குதிப்பது, சுவரில் மோதுவது, சட்டைக் காலரை நாளெல்லாம் மெல்வது, கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கு முன்னால் போய் நின்றுகொள்வது என்று தேடித்தேடிப் போகிறவர்களும் உண்டு. இன்னும் சிலர் பெயரைச் சொல்லி நான்கு முறை கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்கள். டன் 1997-இல் இதை ஒரு சட்டகமாக வரைந்தார்: நரம்பு மண்டலம் விழித்துக்கொள்ள எவ்வளவு தூண்டல் தேவை, அதற்குக் குழந்தை தானாக ஏதாவது செய்கிறதா அல்லது சும்மா இருக்கிறதா. பெற்றோரைக் குழப்புவது என்னவென்றால், ஒரே குழந்தை ஒலியில் ஒதுங்கி, தொடுகையில் தேடும். காலையில் ஒதுக்கியதை மாலையில் தேடும்.

இந்தக் குழந்தைகளுக்குப் பரிசு வாங்கப் போனால், பொம்மைக் கடைக்காரர் "வயசு என்ன? பையனா, பொண்ணா?" என்று கேட்பது இந்த இடத்தில் எதற்கும் உதவாது.

பின்னே எதைக் கேட்பது? என் பதில் ஒரே கேள்விதான்: தொடங்குவதும் நிறுத்துவதும் யார் கையில்?

மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுகிற பையன், எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்து வீட்டையே அதிரவைப்பான். "இதுக்கு மட்டும் காது வலிக்கலையாக்கும்?" என்று பாட்டி கேட்பார். வலிக்காது, பாட்டி. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. கையை அசைக்கக் கட்டளையிடும்போதே, அதனால் வரப்போகும் உணர்வு இன்னதென்று மூளை முன்கூட்டிக் கணித்து, வந்ததும் அதை மட்டுப்படுத்திவிடுகிறது. லண்டனில் சாரா-ஜேன் பிளேக்மோரும் சக ஆய்வாளர்களும் 1998-இல் இதை மூளைப் படங்களில் காட்டினார்கள். 2006-இல் அஸ்பெர்கர் வகை ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் அதே சோதனையைச் செய்தபோது இரண்டு செய்திகள் கிடைத்தன. பிறர் தொடுவது அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகக் கூசியது. தாமே தொட்டுக்கொள்ளும்போது அந்த உணர்வு மட்டுப்படுவது மட்டும் அவர்களிடமும் ஒழுங்காகவே நடந்தது.

எம்.ஐ.டி.யில் பணிபுரியும், டெல்லி ஐ.ஐ.டி.யில் படித்த பவன் சின்ஹா 2014-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆட்டிசத்தின் வேரே அடுத்து வரப்போவதைக் கணிப்பதில் உள்ள இடர்ப்பாடாக இருக்கலாம் என்பது அவர் குழுவின் கருதுகோள். அப்படியானால் ஒரு பட்டாசு வெடிப்பது சத்தம் என்பதால் மட்டும் கொடுமை ஆகவில்லை. எப்போது வெடிக்கும் என்று தெரியாததால் ஆகிறது. கருதுகோள் இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை. ஆனால் வீட்டில் குழந்தையைப் பார்ப்பவர்களுக்கு அது புதிதாகவே தோன்றாது.

கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும்போது டெம்பிள் கிராண்டினைத் தவிர்க்க முடியாது. 1947-இல் பிறந்த அமெரிக்கர். ஆட்டிசத்தோடு வளர்ந்து கால்நடை அறிவியலில் பேராசிரியரானவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உடுத்திவிடும் விறைப்பான உள்பாவாடை தன் தோலை எப்படி அறுத்தது என்று எழுதியிருக்கிறார். அணைப்பு வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது, ஆனால் யாராவது அணைத்தால் தாங்க முடியவில்லை. பதின்வயதில் அரிசோனாவில் அத்தையின் பண்ணைக்குப் போனவர், தடுப்பூசி போடும்போது மாடுகளை இருபுறமும் பலகையால் இறுக்கிப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். அதற்குள் போனதும் சில மாடுகள் அமைதியாகின. தானும் அதற்குள் நுழைந்து பார்த்தார். பிறகு தனக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார். பலகைகள் இரண்டு, நடுவில் அவர். எவ்வளவு இறுக்கம், எவ்வளவு நேரம் என்பதைத் தீர்மானிக்கும் பிடி அவர் கையில் இருந்தது. அத்தையின் அணைப்பிலிருந்து அந்த எந்திரத்தைப் பிரித்துக் காட்டியது அந்தப் பிடிதான்.

இதே உரைகல்லில், இன்று 'சென்சரி' என்ற முத்திரையோடு விற்கும் பொருள்களை உரசிப் பார்க்கலாம். அந்த முத்திரைக்கு எந்தச் சட்டப் பொருளும் இல்லை. யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

எடைப் போர்வையை எடுத்துக்கொள்வோம். உள்ளே கண்ணாடி மணிகளோ பிளாஸ்டிக் மணிகளோ வைத்துத் தைத்த கனத்த போர்வை. இணையக் கடைகளில் பல ஆயிரம் ரூபாய். பிரிட்டனில் பால் கிரிங்கிராஸ் குழுவினர் ஆட்டிசமும் தூக்கக் கோளாறும் உள்ள 67 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். எடைப் போர்வையில் குழந்தைகள் கூடுதலாகத் தூங்கவில்லை, சீக்கிரமும் தூங்கவில்லை. ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் சாதாரணப் போர்வையைவிட அதுவே பிடித்திருந்தது. பிடித்திருப்பதும் ஒரு காரணம்தான், பரிசுக்கு அது போதும். மருந்தென்று நினைத்து வாங்கினால்தான் ஏமாற்றம். குழந்தை தானே உதறி எழ முடியாத கனத்தில் போர்வை தரவே கூடாது. கைக்குழந்தைக்கு எந்தக் கனத்திலும் கூடாது. அதோடு, சென்னைப் புழுக்கத்தில் ஐந்து கிலோ போர்வையை யார் போர்த்துவது?

அந்தப் போர்வை தசைக்கும் மூட்டுக்கும் தரும் அழுத்தத்தை வேறு வழியிலும் தரலாம். உடம்பின் உறுப்புகள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு பளு தாங்குகின்றன என்று தசைகளுக்குள்ளிருந்து தெரியவரும் புலன் ஒன்று உண்டு. சார்ல்ஸ் ஷெரிங்டன் 1906-இல் அதற்குப் பெயர் வைத்தார். ஐம்புலனில் சேராத அந்தப் புலனைத்தான் இந்தக் குழந்தைகளுக்கான பயிற்சி மையங்களில் தள்ளவும் இழுக்கவும் தூக்கவும் வைத்து எழுப்புகிறார்கள். ஒரு குட்டி ஆட்டுக்கல், கையளவுச் சப்பாத்திக் கட்டையும் குழவியும், செடிக்குத் தண்ணீர் சுமக்கத் தன் உயரத்துக்கேற்ற குடம்: இவற்றில் எதையும் எந்தக் கடைக்காரரும் சென்சரி பொம்மை என்று விற்பதில்லை. பிசைந்த மாவை எவ்வளவு அழுத்துவது என்பதும் குழந்தையின் முடிவு. மாவு கையில் ஒட்டுவதே பிடிக்காத குழந்தையாக இருந்தால் ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுங்கள்.

ஊஞ்சல் கதையும் இப்படித்தான். உள்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதையும், பக்கத்திலுள்ள சிறு பைகள் இரண்டு நேர்கோட்டு அசைவையும் ஈர்ப்பையும் உணர்கின்றன. ஒரே சீராக முன்னும் பின்னும் ஆடுவது பொதுவாக அமர்த்தும்; சுற்றுவது உசுப்பும். ஜெனீவாவில் 2011-இல் பெரியவர்கள் பன்னிரண்டு பேரை, நான்கு நொடிக்கு ஓர் ஆட்டம் என்ற கணக்கில் மெல்ல அசையும் கட்டிலில் பகல்தூக்கம் போடவைத்தபோது, அசையாத கட்டிலைவிடச் சீக்கிரம் உறங்கினார்கள். தூளி ஆட்டிய எந்தத் தாயிடமும் கேட்டிருக்கலாம். இன்று பயிற்சி மையங்களில் உத்தரத்திலிருந்து தொங்கும் இழுபடு துணி ஊஞ்சல், வளர்ந்த குழந்தைக்கான தூளிதான்: உடம்பை நாலாபுறமும் அணைத்துக்கொண்டே ஆட்டும். ஒரு கொக்கியை ஆள் வைத்து உறுதியாகப் பதித்துக் கொடுப்பதே நல்ல பரிசு. பழைய சேலையைக் கட்டிவிட்டுக் குழந்தையை அதில் தனியே விட மட்டும் வேண்டாம். சுற்றிச் சுற்றிக் கழுத்து இறுகி உயிர்போன செய்திகள் நம் ஊர் நாளிதழ்களில் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

2017-இல் பள்ளிக்கூடங்களையே ஆட்டிவைத்த விரல் சுழலி, கவனத்தைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்பட்டது. ஏடிஎச்டி உள்ள குழந்தைகளின் வகுப்பில் பாலோ கிராசியானோ குழுவினர் கவனித்தபோது கவனச் சிதறல் கூடித்தான் இருந்தது. வியப்பில்லை, சுழலி கண்ணையும் சேர்த்துக் கேட்கும். கண்ணைக் கேட்காமல் விரல் மட்டும் பிசைந்துகொண்டிருக்கும் பொருள் வேறு வகை. பெரிய சிகிச்சைகளுக்கே சான்று மெலிவாகத்தான் இருக்கிறது. ஜீன் ஏயர்ஸ் 1972-இல் நூலாக்கிய புலன் ஒருங்கிணைப்புக் கொள்கைதான் இன்றைய பயிற்சி மையங்களின் அடித்தளம். பிரிட்டனில் 138 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2022-இல் வெளியானபோது, அந்தச் சிகிச்சை வழக்கமான கவனிப்பைவிடக் கூடுதல் பலன் தந்ததாகத் தெரியவில்லை. அதனால் பயிற்சியாளர்களின் உழைப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன். குழந்தையை ஆறஅமரக் கவனிக்கும் கண் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் நானூறு ரூபாய்ப் பொம்மையின் அட்டையில் 'மூளை வளர்ச்சி' என்று அச்சிட்டிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

சிரிக்க முடியாதவை மூன்று. தண்ணீரில் போட்டால் பல மடங்கு ஊதும் வண்ணக் கூழ் மணிகள், கைக்குச் சுகமாக இருப்பதால் இந்தக் குழந்தைகளுக்கென்றே பரிந்துரைக்கப்படுகின்றன. விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைக்கும். எக்ஸ்-ரேயில் பொதுவாகத் தெரியாது. எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் அவை வரவே கூடாது. ஒளிரும் பொம்மைகளின் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். மூடி திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சின்னஞ்சிறு வலுவான காந்தங்கள் இரண்டை விழுங்கினால் குடல் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் அதைத் தேடினால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

இனிப் பட்டாசு. தீபாவளியை இந்தக் குழந்தைகளின் பக்கமிருந்து பார்த்தால் நெஞ்சு பதறும்: இருட்டில் எழுப்பி, பிசுபிசுக்க எண்ணெய் வைத்து, நறநறக்கும் சீயக்காய் தேய்த்து, கண்ணெரியத் தலைக்கு ஊற்றி, விறைத்த புதுத்துணிக்குள் திணித்து, அந்த வேகத்திலேயே சரவெடி முன்னால் நிறுத்துகிறோம். இந்திய விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தள்ளி உச்ச அழுத்தம் 145 டெசிபல் வரை இருக்கலாம். குழந்தைகளின் காதுக்கு உச்சம் 120 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் தந்த வழிகாட்டுதல். டெசிபல் கணக்கில் 25 கூடினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 18 மடங்கு. பலத்த சத்தம் வந்தால் நடுக்காதின் குட்டித் தசை இறுகி எலும்புகளைப் பிடித்துக்கொள்வதுண்டு. அது இறுகுவதற்குள் வெடி வெடித்து முடிந்திருக்கும்.

அதனால் பட்டாசுப் பெட்டிக்குப் பதில் காதுமூடி வாங்கித் தரலாம். இரைச்சலை மின்னணு முறையில் அழிக்கும் விலையுயர்ந்த ஹெட்போன் விமானத்தின் சீரான உறுமலுக்குத்தான் ஏற்றது. திடீர் வெடிக்கு அதைவிட, தொழிற்சாலைகளில் போடும் கனத்த மூடியின் சிறுவர் அளவே மேல். அதைத் தீபாவளிக்கு முன்பே கையில் கொடுத்து, போடவும் கழற்றவும் பழகவிடுங்கள். வருஷம் முழுக்க மாட்டிவிடவும் கூடாது. 2003-இல் கிரெய்க் ஃபார்ம்பி குழுவினர் நல்ல காதுள்ளவர்களை இரண்டு வாரம் காதடைப்போடு இருக்கச் சொன்னார்கள். எடுத்த பிறகு சத்தங்கள் அவர்களுக்கு முன்பைவிடப் பெரிதாகக் கேட்டன. சேதி குறைந்தால் மூளை தன் ஒலிபெருக்கியைத் திருகிவைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாகக் காலை ஆறு முதல் ஏழு, இரவு ஏழு முதல் எட்டு என்று வெடிக்க நேரம் குறித்துத் தருகிறார்கள். ஊர் அதைக் கேட்டு நடந்தால், எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று குழந்தைக்குக் கடிகாரத்தில் காட்டிவிடலாம். நம் தெருவில் அது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கணிக்க முடியாமை பரிசுப் பொட்டலத்திலும் இருக்கிறது. பளபளக்கும் தாள் கிழியும் சத்தம், உள்ளே என்ன என்ற தவிப்பு, சுற்றி நின்று முகத்தையே பார்க்கும் பத்துப் பேர், "தேங்க்ஸ் சொல்லு, மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு" என்ற வற்புறுத்தல். சில குழந்தைகளுக்குப் பரிசு பிடிக்காமல் போவதற்குக் காரணம் பரிசே இல்லை. ஒரு வாரம் முன்னதாகப் படத்தை அனுப்பிவைப்பதிலோ, துணிப்பையில் வைத்துத் தருவதிலோ, மூலையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதிலோ என்ன கெட்டுப்போகும்? துணியாக இருந்தால் இரண்டு முறை துவைத்து, பட்டையைத் தையல் பிரித்து எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். துவைத்தால் புதுசு போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தால், மூலையில் மஞ்சளை மறுபடி தடவிக் கொடுக்கலாம். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தாய்மாமன் ஊரிலிருந்து வருவதற்கு முன் அக்காவுக்குப் போன் போட்டுவிடுவார். "இந்த வருஷம் பையனுக்கு என்னக்கா வாங்கட்டும்?" அக்கா சொல்லும் பதில் பெரும்பாலும் கடைக்காரருக்கு வியாபாரம் ஆகாத பதில். போன தடவை அவர் சொன்னது: "முள்ளு முள்ளா ஒரு பந்து வாங்கிட்டு வந்தியே, அதே பந்து, அதே பச்சை. பழசு கிழிஞ்சிருச்சுடா. வேற கலர் வேண்டாம், புது மாடல் வேண்டாம். ரெண்டா வாங்கிடு, ஒண்ணை நான் பீரோல வச்சுக்கறேன்."